வெள்ளை மை கேட்ட அண்ணாச்சி

மக்களே, கடையின் மேல்தட்டில் வரிசையாக நிற்கும் மைப் புட்டிகளைப் பார்த்துப் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சிரித்தீர்கள். கருப்பிலேயே எதற்கு நாலு புட்டி என்று பெரியவன் கேட்டான். அப்பாவுக்குக் கணக்கு வராது, அதனால் ஒரே நிறத்தை நாலு தடவை வாங்கிவிட்டார் என்று சின்னவள் சொன்னாள். உங்கள் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் என் கணக்கு மதிப்பெண்ணை உங்கள் அம்மா உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்த நாலும் நாலு விதம். ஒன்று கருப்பு, ஒன்று அடர் சாம்பல், ஒன்று சாம்பல், ஒன்று இளஞ்சாம்பல். புட்டிக்குள் இருக்கிறவரை நாலும் கருப்பாகத்தான் தெரியும். காகிதத்தில் விழுந்த பிறகுதான் எது எது என்று தெரியும். அவை கடைக்கு வந்த கதையை நான் வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் போனைப் பார்ப்பீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நம் கடையில் நடப்பது பாஸ்போர்ட் சைஸ், அடையாள அட்டை, பள்ளி ஆண்டுவிழாப் படங்கள். கருப்பு வெள்ளை கேட்டு யாரும் வருவதில்லை. அப்படி இருக்கும்போது நம் ஊரில் கேமரா வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தலைவர் ஒரு தோல் டாக்டர். எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டைமேல் சட்டை, அதில் எண்ண முடியாத பைகள். ஒரு பையில் லென்ஸ் மூடி இருக்கும், மற்ற எல்லாவற்றிலும் காற்று. இவர்கள் உப்பளத்தைப் பற்றிக் கருப்பு வெள்ளையில் ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தார்கள். ஏன் கருப்பு வெள்ளை என்று கேட்டேன். "கலர்ல எடுத்தா போட்டோ, பிளாக் அண்ட் ஒயிட்ல எடுத்தா ஆர்ட்" என்றார் டாக்டர். எனக்கு அது புரிந்தது மாதிரி தலையாட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன், புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள், அச்சடிக்கிற வேலை நம் தலையில் விழும்.

விடியற்காலையில் காரில் போய் அளத்தில் இறங்கினார்கள். பாத்திக் கரையில் குப்புறப் படுத்தார்கள். தலையில் உப்புச் சட்டியோடு வருகிற பெண்களைச் சூரியனுக்கு எதிரே வைத்து எடுத்தார்கள். சூரியன் சரியான உயரத்துக்கு வரவில்லை என்று, அம்பாரமாகக் குவித்துக் கொட்டிய உப்பைத் திரும்பவும் சட்டியில் அள்ளச் சொல்லி, இன்னொரு தடவை நடக்கவும் சொன்னார்கள். உழைப்பைப் படமெடுக்கப் போனவர்கள் ஆளுக்கு ஒரு நடை உழைப்பை அதிகமாக்கிவிட்டு, டிபன் சாப்பிடக் கிளம்பினார்கள்.

அந்தப் படங்கள் என்னிடம் வந்தன. நாற்பது படம். எல்லாவற்றிலும் பளீரென்று வானம், பளீரென்று உப்பு, நடுவில் மனுஷ உருவத்தில் ஒரு கருப்பு. "உழைப்பு" என்று ஒன்றுக்குப் பெயர். "வியர்வை" என்று ஒன்றுக்கு. வியர்வை எங்கே என்று நான் தேடிப் பார்த்தேன், எடுத்தவர் சட்டையில் இருந்ததைத் தவிர வேறெங்கும் தெரியவில்லை.

கடையில் அப்போது இருந்தது ஆறு வண்ண பிரிண்டர். அதில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் மாதிரி ஒன்றைக் காட்டும். சாம்பார் மாதிரிதான், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நான் ஊற்றியிருந்ததோ டூப்ளிகேட் மை. டூப்ளிகேட் என்று சொல்லக் கூடாது, "காம்பாட்டிபிள்" என்று சொல்ல வேண்டும், கொடுக்கிறவர் வருத்தப்படுவார். கடை டியூப்லைட்டில் படம் நன்றாக இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோனால் பாசி பிடித்த மாதிரி பச்சையடித்தது. உள்ளே மஞ்சள் பல்பின் கீழ் வைத்தால் ரோஜாப்பூ நிறம் அடித்தது.

அளத்தின் சொந்தக்காரரும் சங்கத்தில் ஒருவர். கண்காட்சிச் செலவெல்லாம் அவருடையது என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஊரில் எல்லாரும் கூப்பிடுகிறபடி அவரை அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, என் படங்களை பல்புக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

"ஏலே தம்பி, என் அளத்துல எந்தக் காலத்துல ரோஸ்மில்க் வெளைஞ்சுது?"

மையைப் பற்றி விளக்கினேன். அவர் கேட்கவில்லை. சிவந்த உப்பென்று தெரிந்தால் வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், கண்காட்சிக்கு நாலு வியாபாரிகள் வருவார்கள் என்பதே அவர் கவலை. மறுநாள் துணிப்பையில் உப்பு கொண்டுவந்தார். படத்தின் மேலேயே ஒரு கை உப்பைக் கொட்டிப் பரப்பி, இந்த வெள்ளையும் அந்த வெள்ளையும் ஒன்றாக வரும்வரை மையை மாற்று என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நானும் நல்ல யோசனை என்று நினைத்து, உப்பை அப்படியே விட்டுவிட்டு ஷட்டரை இறக்கிச் சாப்பிட வந்தேன். அன்றைக்கு உங்கள் அம்மா வைத்த மீன்குழம்பு நன்றாக இருந்ததால் கொஞ்சம் தூங்கியும்விட்டேன்.

ஐப்பசி மாதப் பிசுபிசுப்பு உங்களுக்குத் தெரியும். அளத்து உப்பு அந்தக் காற்றில் வியர்க்கும். நான் திரும்பி வந்தபோது உப்பு தண்ணீர் விட்டிருந்தது. படத்தில் இருந்த பெண்ணின் தலை கரைந்து கால்வரை ஓடியிருந்தது. கருப்பாக ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீலம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து ஓடியிருந்தது. வேறு எந்த ஊர்க்காரனும் படத்தின் மேல் உப்பைக் கொட்டி வைக்க மாட்டான். அண்ணாச்சியும் நானும் சேர்ந்தால்தான் அது நடக்கும்.

"உப்பு பட்டா நிக்காத மைய வச்சிக்கிட்டு தூத்துக்குடியில கடை வச்சிருக்கியே" என்றார் அண்ணாச்சி. தப்பு அவருடையது, ஆனால் பேச்சு சரி. சாய மை தண்ணீரில் கரைவது, தூள் மை காகிதத்தின் மேல் அப்பி உட்காருவது. சாய மையை நம்பி இந்த ஊரில் கருப்பு வெள்ளை அச்சடிக்க முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அடுத்து, வண்ணங்களையெல்லாம் நிறுத்திவிட்டுக் கருப்பை மட்டும் வைத்து அடித்துப் பார்த்தேன். ஒரே கருப்பை வைத்துச் சாம்பல் காட்ட வேண்டுமென்றால் பிரிண்டர் புள்ளி புள்ளியாகத்தான் வைக்கும். உப்பு அம்பாரத்தின் மேல் மிளகைத் தூவினது மாதிரி வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இது பிரிண்ட் இல்லை, ஸ்கின் கண்டிஷன் என்றார். மதுரையிலிருந்து மை கொண்டுவருகிறவர் எல்லா பிரிண்டருக்கும் பொருந்துகிற "யுனிவர்சல் பிளாக்" இருக்கிறது என்றார். தலைக்கும் அடிக்கலாமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

கெட்டுப்போன படங்களையெல்லாம் கடைக்குள் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். அப்போதுதான் அந்த அம்மா வந்தார். அண்ணாச்சி அளத்தில் வேலை செய்கிறவர். நல வாரிய அட்டைக்கு இரண்டு பாஸ்போர்ட் சைஸ் வேண்டும். கேமராவை எடுத்து வைக்கும்வரை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் கம்பிப் பக்கம் போய் நின்றார்.

"இது எங்க அளம்லாண்ணே."

ஆமாம் என்றேன்.

"இது நாந்தான்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். எனக்கு அது கருப்புதான்.

"சட்டையப் பாருங்க. எங்க வீட்டுக்காரர் சட்டை. இந்தக் கை கிழிஞ்சி தொங்குதுல்லா, தைக்கணும் தைக்கணும்னு நெனைப்பேன்."

சேலைக்கு மேல் வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும் ஆண்பிள்ளைச் சட்டை. கையில் கிழிந்த துணி கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தது. கலைஞர்கள் அத்தனை பேரும் அதைக் காற்று என்று நினைத்து எடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா ஒவ்வொரு படமாகத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி, இதுவும் நான், இதுவும் நான் என்று எண்ணிக்கொண்டே போனார். பதினாலு வந்தது.

"இம்புட்டுப் படத்துல ஒண்ணுலகூட மூஞ்சியக் காணலியே."

டாக்டர் சொன்னதை நான் அப்படியே எடுத்துச் சொன்னேன். அதுதாம்மா கலை என்றேன்.

"ஓஹோ" என்றார். பிறகு ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அப்போ பாஸ்போர்ட் சைசும் அப்படியேதான் எடுப்பியளா?"

கேமராவை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிமிரச் சொன்னேன். படம் எடுத்து முடிகிறவரைக்கும் அவரே பேசினார். அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். முன்பு ஒரு தடவை பத்திரிகையில் இப்படி ஒரு படம் வந்தது. மகள் அதை வெட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோய், இது எங்கள் அம்மா என்று காட்டியிருக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் நம்பவில்லை. கருப்பாக ஒரு உருவம், இது யார் அம்மாவாகவும் இருக்கலாமே என்று சிரித்திருக்கிறார்கள். ஒருத்தி, லைட் கம்பமாகக்கூட இருக்கலாம் என்றாளாம். இப்போது டாக்டர் அந்தக் கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போகிறவர் என்பதால், கண்காட்சிக்கு அந்தப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டி வரப்போகிறார்கள்.

"எங்க அம்மாவக் காட்டுதேன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கா எம் மவ. வந்து எதக் காட்டுவா?"

அவர் போன பிறகு நாற்பது படங்களையும் கம்ப்யூட்டரில் திறந்து, நிழலை மட்டும் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். டாக்டருடைய படங்களில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது. அது அண்ணாச்சி எடுத்தது. அவருக்குக் கலை தெரியாது. தன் அம்பாரத்தைப் படமெடுக்கப் போயிருக்கிறார், குறுக்கே இந்த அம்மா வந்திருக்கிறார், கேமராவில் பிளாஷ் அதுவாகவே எழும்பி அடித்திருக்கிறது. பட்டப்பகலில் பிளாஷ் அடித்தவர் என்று சங்கத்தில் அவரை முதுகுக்குப் பின்னால் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சம் சட்டிக்கு அடியில் போய்க் கொஞ்சூண்டு முகத்தில் விழுந்திருந்தது. கருப்புக்குள் ஏழெட்டு விதமான கருப்பாக அந்த முகம் இருந்தது. என் கையிலிருந்த ஒற்றைக் கருப்பு மை அத்தனையையும் ஒன்றாக்கி மூடியது.

சென்னையில் மை விற்கிறவரிடம் போனில் பேசினேன். நாலு சாம்பல் வரிசை இருக்கிறது, தூள் மைதான், உப்பு பட்டாலும் ஓடாது என்றார். சூடான கருப்பு வேண்டுமா, குளிர்ந்த கருப்பு வேண்டுமா, நடுநிலையா என்று கேட்டார். டீக்கடையில் கேட்கிற மாதிரி இருந்தது. சூடு என்றால் பழுப்பு தட்டும், குளிர்ச்சி என்றால் நீலம் அடிக்கும் என்று விளக்கினார். நான் யோசித்தேன். பழுப்பு தட்டினால் உப்பு பழைய உப்பாகிவிடும், அண்ணாச்சி என்னைக் கடையோடு தூக்கிக் கடலில் போட்டுவிடுவார். நீலம் அடித்தால் அந்த அம்மாவின் தோல் இரும்பு மாதிரி ஆகிவிடும். நடுநிலை என்றேன். என்ன படம் சார் என்று கேட்டார். உப்பு என்றேன். கொஞ்சம் நிறுத்தி, ஒரு அம்மாவும் இருக்காங்க என்றேன்.

மை வந்தது. பிரிண்டரைக் கழுவி, பழைய மையை வெளியே எடுத்து, நாலையும் ஊற்றினேன். பளபளக்காத பருத்திக் காகிதத்தில் அண்ணாச்சி படத்தை அடித்தேன். காகிதம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. முதலில் வானம், பிறகு சட்டி, பிறகு நெற்றி. வெயிலுக்குச் சுருக்கிய கண்கள். கண்ணுக்குள் பிளாஷின் பொட்டு. மூக்கோரம் இரண்டு கோடு. கன்னத்தில் ஒட்டியிருந்த உப்புக் கல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் அம்பாரமும் வெள்ளையாகவே இருந்தது, வெயிலுக்குக் கொண்டுபோனேன், பல்புக்குக் கீழே கொண்டுபோனேன், நிறம் மாறவில்லை.

அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை உப்பை பாலிதீன் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், அந்த அளவுக்கு அவரும் படித்திருந்தார். கவரைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எந்த வெள்ளை மை ஊற்றினாய், அந்தப் புட்டியைக் காட்டு என்றார்.

வெள்ளைக்கு மை கிடையாது அண்ணாச்சி, அது வெறும் காகிதம், மை விழாத இடம்தான் வெள்ளை என்றேன்.

அவர் நாலு புட்டியையும் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அப்போ என் உப்புக்கு மையே போடலியா? எல்லா மையும் அந்தப் பொம்பளைக்கா?"

அம்பாரத்தின் நிழல் பக்கத்துக்கு இளஞ்சாம்பல் கொஞ்சம் போயிருக்கிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். இவ்வளவு நாள் அளம் நடத்தினவருக்கு, அம்பாரம் வெள்ளையாக நிற்பதற்கு எது எது யார் மேல் போய் விழுகிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. அதுவும் உடனே போய்விட்டது. இந்தப் படத்தைத்தான் வாசலுக்கு நேரே மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்தார். படத்தைத் தள்ளி நின்று பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அண்ணாச்சியும் கூடவே இருந்தார்.

"பிரிண்ட் ஓகே. ஆனா அந்த முகம் டிஸ்ட்ராக்ட் பண்ணுது. கொஞ்சம் அமுக்கிடுங்க. அப்பதான் மத்த படத்தோட சேரும்."

மக்களே, பொய் சொல்லக் கூடாது என்று உங்களுக்குச் சொல்கிறவன் நான். அன்றைக்கு ஒன்று சொன்னேன். டாக்டரைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னேன்: "அமுக்கலாம் சார். ஆனா முகத்த அமுக்கினா உப்பும் சேந்து மங்கும்."

அப்படியெல்லாம் ஒன்றும் மங்காது. முகத்தை மட்டும் தனியாக இருட்டாக்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். அது டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவருடைய படங்களை எல்லாம் சரிசெய்து கொடுப்பது நான்தான் என்பதால் அவருக்குத் தெரியவில்லை.

"உப்புல கைய வைக்காதீங்க டாக்டர்" என்றார் அண்ணாச்சி. செலவு அவருடையது. பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கண்காட்சி நடந்தது. சுவரெல்லாம் முந்தின முகூர்த்தத்துச் சாம்பார் வாசம். கைகழுவும் இடத்துக்கு மேலே டாக்டரின் "வியர்வை" தொங்கியது. சிறப்பு விருந்தினர் ஒவ்வொரு கருப்பு உருவத்தின் முன்னாலும் நின்று, மனித குலத்தின் வலி தெரிகிறது என்று பேசினார். வாசல் படத்துக்கு முன்னால் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். முகம் இருந்தால் மனித குலம் என்று சொல்ல வாய் வராதுபோல. அண்ணாச்சி நாலு வியாபாரிகளை அதே படத்துக்கு முன்னால் நிறுத்தி, இதில் மையே கிடையாது, அசல் வெள்ளை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அத்தனை பேரில் ஒருவர்கூட முகத்தைப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் நர்சிங் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டாள். மற்றவர்கள் உள்ளே போகப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

"இங்கன வாங்கட்டி. இப்போ சொல்லுங்க, இது லைட் கம்பமா?"

அந்த அம்மா அவளுக்குப் பின்னால் நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், திரும்பப் படத்தைப் பார்த்தார்கள். லைட் கம்பம் என்று சொன்னவள் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒருத்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி செல்போனில் எடுத்தார்கள். அவர் எல்லாவற்றிலும் சிரித்தார்.

கூட்டம் உள்ளே போன பிறகு என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து நானும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"எண்ணே, கன்னத்துல உப்பு ஒட்டியிருக்கே. அதத் தொடச்சி விட்டிருக்கக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த உப்புக் கல் தெரிவதற்காகத்தானே சென்னையிலிருந்து மை வரவழைத்தேன். அதுதாம்மா அந்தப் படத்துக்கே அழகு என்றேன்.

"ஓஹோ" என்றார்.

அதே ஓஹோ. டாக்டரின் வார்த்தையை நான் சொன்னபோது கடையில் சொன்ன அதே ஓஹோ. மகளைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வாசலில் அந்தப் படத்தோடு நின்றேன். எனக்கும் சட்டைக்கு மேல் ஒரு பைவைத்த சட்டை தைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, கடை ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு உள்ளே போனேன். அந்தப் படத்தைத் திறந்து கன்னத்தைப் பெரிதாக்கினேன். இடது கன்னத்தில் ஏழு கல், மூக்கோரம் மூன்று, மேலுதட்டில் ஒன்று. மவுசை வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வேறெதையும் தொடவில்லை, சட்டைக் கையின் கிழிசலைக்கூட. பிறகு நாலு மையையும் வைத்து ஒரு படம் அடித்து, மேசை மேல் மல்லாத்தி வைத்தேன். தூசி விழக் கூடாது என்று காற்றாடியை நிறுத்திவிட்டு, அது காயும்வரை வியர்க்க வியர்க்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.